இறங்குவதற்கு முன் ஒருமுறை நடந்து பாருங்கள்

நிலவிலும் பிற கோள்களிலும் விண்கலம் எங்கே இறங்க வேண்டும் என்று முடிவெடுக்கும் குழுவினருக்கும், அந்த நிலங்களின் வரைபடத்தைத் தீட்டுபவர்களுக்கும், இந்த வேலைகளுக்குப் பணம் ஒதுக்குபவர்களுக்கும்,

வணக்கம்.

குசெவ் பள்ளத்திலிருந்து தொடங்குகிறேன். செவ்வாயில் ஏறக்குறைய 160 கிலோமீட்டர் அகலத்தில் கிடக்கும் அந்தப் பள்ளத்தைத் தேர்ந்தெடுத்தபோது சொன்ன காரணம் நியாயமானதுதான். மஆதிம் என்ற மாபெரும் பள்ளத்தாக்கு தெற்கிலிருந்து வந்து, பள்ளத்தின் சுவரை உடைத்துக்கொண்டு உள்ளே நுழைகிறது. அதில் தண்ணீர் ஓடியிருந்தால் பள்ளம் ஏரியாகியிருக்கும். ஏரி இருந்திருந்தால் அடியில் வண்டல் படிந்திருக்கும். மேலிருந்து எடுத்த படங்களிலும் தரை தட்டையாக, வற்றிய ஏரிப்படுகை போலவே தெரிந்தது. 2004 ஜனவரியில் ஸ்பிரிட் ஊர்தி அங்கே இறங்கிக் கண்ணைத் திறந்தது. பார்த்த இடமெல்லாம் பசால்ட் என்ற எரிமலைக் கற்கள். அடிரோண்டாக் என்று பெயரிட்ட கல்லின் மேல்தோலை மூன்று மில்லிமீட்டருக்கும் குறைவான ஆழத்துக்குச் சுரண்டிப் பார்த்தார்கள். உள்ளே இருந்தது ஆலிவின் கனிமம் நிறைந்த எரிமலைப் பாறை. ஏரி வண்டல் என்று ஒன்று இருந்தாலும் அதன்மேல் லாவா ஓடி மூடிவிட்டிருந்தது.

90 செவ்வாய் நாள்கள் ஓடினால் போதும் என்று செய்த ஊர்தி, 2010 வரை உயிரோடு இருந்தது. அதனால்தான் கொலம்பியா குன்றுகள் வரை போய், தண்ணீர் பட்ட பாறைகளைத் தேடிப் பிடிக்க முடிந்தது. சொன்ன கெடுவிலேயே அது நின்று போயிருந்தால் குசெவைப் பற்றி இன்று என்ன எழுதியிருப்போம் என்று அவ்வப்போது யோசிப்பேன்.

2021 பிப்ரவரியில் பெர்சிவியரன்ஸ் ஊர்தி செவ்வாயின் ஜெசிரோ பள்ளத்தில் இறங்கியது. அங்கே ஆற்று வண்டல் குவிந்த டெல்டா இருக்கிறது, அதில் சந்தேகமில்லை. ஆனால் டெல்டாவுக்கு முன்னால் விரிந்து கிடக்கும் தரை எதனால் ஆனது என்பதில், இறங்கும் நாள் வரை கருத்து ஒன்றுபடவில்லை. வண்டல் என்றவர்கள் உண்டு, எரிமலைப் பாறை என்றவர்களும் உண்டு. துளைத்துப் பார்த்தபோது கிடைத்தது எரிமலைப் பாறை.

இரண்டு முறையும் படங்களைப் படித்தவர்கள் கைதேர்ந்தவர்கள். தட்டையான பசால்ட்டும் தட்டையான வண்டலும், மேலே தூசி படிந்துவிட்டால், சுற்றுப்பாதையிலிருந்து பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். அந்தக் குழப்பத்தோடு நாம் பழகுவதற்கு பூமியிலேயே இடங்கள் இருக்கின்றன: பாலைவனங்களில் கிடக்கும் பசால்ட் லாவா வெளிகள். நீங்கள் அவற்றைப் பயன்படுத்தவில்லை என்று சொல்லமாட்டேன். பயன்படுத்தும் விதத்தைப் பற்றித்தான் எனக்கு ஒரு முறையீடு.

ஊர்தியின் சக்கரம் தாங்குகிறதா, விண்வெளி உடையோடு குனிய முடிகிறதா, துளையிடும் கருவி சிக்கிக்கொள்கிறதா என்றெல்லாம் அங்கே சோதிக்கிறீர்கள். நல்லதுதான். சோதிக்காமல் விடுவது நம் கண்ணை. ஒரு லாவா வெளியை, செவ்வாயைப் பார்ப்பதுபோல், மேலிருந்து மட்டும் பாருங்கள். இது என்ன, எது முந்தியது எது பிந்தியது, எப்படி உண்டானது என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். அப்புறம் அங்கே போய் நடங்கள். எங்கே பிசகினோம் என்று எல்லோரும் படிக்கும்படி பதிவு செய்யுங்கள். தரையிறங்கும் இடத்தைத் தேர்வு செய்யும் ஒவ்வொரு பயணத்துக்கும் இதைக் கட்டாயமாக்குங்கள். என் கோரிக்கை இவ்வளவுதான். மீதிப் பக்கங்கள் ஏன் என்பதற்கு.

பாலைவனம் ஏன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஈரமான ஊர்களில் லாவா ஆறியதும் பாசி வரும், புல் வரும், மண் உண்டாகும், மரம் வரும். சில நூறு ஆண்டுகளில் எரிமலை தன் முகத்தை இழந்துவிடும். வறண்ட நிலத்தில் லாவாவின் தோல் பல்லாயிரம் ஆண்டு அப்படியே கிடக்கும். அதைத் தொடுவது பெரும்பாலும் காற்றும் தூசியும் பகலிரவு வெப்ப வித்தியாசமும்தான். செவ்வாயில் இன்று வேலை செய்யும் கைகளும் அவையே. அதனால்தான் கலிபோர்னியாவின் மொஹாவே பாலைவனத்திலுள்ள பிஸ்கா, ஆம்பாய், சீமா வெளிகளும், மெக்சிகோவின் பினகாதேயும், லிபியாவின் ஹரூஜும், அரேபியாவில் ஹர்ராத் என்று அழைக்கப்படும் லாவா வெளிகளும், அர்ஜென்டினாவின் பாயூன் மாத்ருவும் கோள் ஆய்வாளர்களுக்குப் பாடசாலைகளாக இருக்கின்றன.

இந்தப் பாடசாலையின் பழைய கதையில் பெருமையும் உண்டு, சறுக்கலும் உண்டு. 1967 ஜூலையில், அரிசோனாவின் பிளாக்ஸ்டாஃப் அருகே, சன்செட் கிரேட்டர் எரிமலை சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கக்கிய கருங்கசடு படிந்த வெளியில், அமெரிக்க நிலவியல் துறையினர் வெடிவைத்து 47 குழிகள் உண்டாக்கினார்கள். நிலவின் அமைதிக் கடலில் ஒரு சிறு பகுதியை லூனார் ஆர்பிட்டர் விண்கலம் படம் எடுத்திருந்தது. அந்தப் படத்தில் குழிகள் இருந்த இடம், அளவு எல்லாவற்றையும் அப்படியே நகல் எடுத்தார்கள். விண்வெளி வீரர்கள் அங்கே நடந்து பழகினார்கள். நான் படித்த வரையில், ஒரு படத்தை நிலத்தில் அச்சடித்து அதற்குள்ளேயே நடந்து பார்த்த வேலை வேறு எங்கும் இவ்வளவு அழகாக நடந்ததில்லை.

பினகாதேக்கும் வீரர்களை அழைத்துப் போனார்கள். அங்கே எலெகாந்தே என்ற பள்ளம் ஒன்றரை கிலோமீட்டருக்கு மேல் அகலம், இருநூறு மீட்டருக்கு மேல் ஆழம். பார்த்தவுடன் நிலவு ஞாபகம் வரும். ஆனால் அது உண்டானது மேலேறி வந்த எரிமலைக் குழம்பு நிலத்தடி நீரைத் தொட்டு வெடித்ததால். நிலவில் நிலத்தடி நீர் ஏது? இடாஹோவில் 'நிலவின் பள்ளங்கள்' என்றே பெயர் வைத்த லாவா வெளிக்கு, 1969 ஆகஸ்டில் ஆலன் ஷெப்பர்ட், எட்கர் மிட்செல், யூஜின் செர்னன், ஜோ எங்கிள் ஆகியோர் போனார்கள். நிலவின் பள்ளங்கள் பெரும்பாலும் விண்கல் விழுந்தவை. இடாஹோவில் இருப்பவை எரிமலை வாய்கள். பெயர் வைத்தவர்களைக் குறை சொல்வதற்கில்லை, 1924 இல் நிலவைப் பற்றித் தெரிந்தது அவ்வளவுதான்.

சறுக்கல் 1972 ஏப்ரலில் வந்தது. அப்பல்லோ 16 இறங்கவேண்டிய டெகார்ட் பகுதியைப் படங்களில் பார்த்தவர்கள், அங்குள்ள வழவழப்பான சமவெளியும் மேடுகளும் எரிமலை வேலை என்று எதிர்பார்த்தார்கள். ஜான் யங்கும் சார்லஸ் டியூக்கும் இறங்கி நடந்தார்கள். கல்லுக்குப் பின் கல்லாகக் கையில் வந்தவை, பழைய பாறைகள் நொறுங்கி ஒட்டிக்கொண்ட பிரெக்சியா. விண்கல் மோதல்கள் வாரி இறைத்த குப்பை. 95 கிலோவுக்கு மேல் கொண்டுவந்த கற்கள், நிலவின் உயர்நிலங்களைப் பற்றிய எண்ணத்தையே மாற்றின. படத்தில் வழவழப்பாக இருந்தால் லாவா என்று மனம் பழகிவிட்டிருந்தது. பூமியின் லாவா வெளிகளில் அவ்வளவு நடந்ததே அந்தப் பழக்கத்துக்கு உரம் போட்டிருக்குமோ என்பது என் சந்தேகம். நிரூபிக்க முடியாது, ஆனாலும் விடமாட்டேன்.

இதற்கு எண்பது ஆண்டுகளுக்கு முன்னால் தலைகீழாக ஒரு பிசகு நடந்தது. அதே அரிசோனாவில் 1.2 கிலோமீட்டர் அகலமுள்ள ஒரு பள்ளத்தை 1891 இல் ஆராய்ந்த குரோவ் கார்ல் கில்பர்ட், அது நீராவி வெடித்து உண்டானது என்று முடிவு செய்தார். அக்கம்பக்கத்தில் எரிமலைக் கூம்புகள் நூற்றுக்கணக்கில் நிற்கும்போது வேறென்ன தோன்றும்? நிலவின் பள்ளங்கள் மோதலால் வந்தவை என்று அதே காலத்தில் வாதாடியவரும் இவரேதான்! நிலவைச் சரியாகப் படித்தவர், காலடியில் இருந்ததைத் தப்பாகப் படித்தார். 1960 இல் யூஜின் ஷூமேக்கரும் கூட்டாளிகளும் அங்கே கோயசைட் என்ற கனிமத்தைக் கண்டார்கள். சாதாரண எரிமலை வெடிப்பால் எட்ட முடியாத அழுத்தத்தில் உண்டாவது அது. வழக்கு முடிந்தது. கோள் நிலவியலை ஒரு துறையாக நிறுவியவர் அதே ஷூமேக்கர்.

என் சொந்தப் பிசகையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் ஊருக்கு உபதேசம் ஆகிவிடும். ஆம்பாய் வெளியின் படத்தை முதன்முதலில் மேசையில் வைத்துப் பார்த்தபோது, கூம்பிலிருந்து ஒரு பக்கமாக நீண்ட கரும்பட்டை ஒன்று தெரிந்தது. சுற்றியிருந்த லாவா வெளுத்துக் கிடந்தது. கறுப்பு என்றால் புதியது, வெளுப்பு என்றால் பழையது என்று பாடத்தில் படித்தவன் நான். கரும்பட்டை கடைசியாக ஓடிய லாவா என்று எல்லை வரைந்து, வண்ணமும் தீட்டிவிட்டேன். அங்கே போய் நின்றதும் முகம் சுருங்கிவிட்டது. இரண்டும் ஒரே லாவா. சுமார் 75 மீட்டர் உயரக் கூம்பு காற்றின் குறுக்கே நிற்கிறது. அதன் முதுகுப்பக்கத்தில் காற்றின் போக்கு மாறி, அந்தப் பட்டையில் மணல் தங்குவதில்லை. மற்ற இடங்களில் பள்ளமேடெல்லாம் வெளிர்மணல் நிரம்பியிருக்கிறது. நான் வயது வித்தியாசம் என்று வரைந்தது காற்று வித்தியாசம். செவ்வாயில் பள்ளங்களின் பின்னால் நீளும் காற்றுக் கோடுகளைப் புரிந்துகொள்ள ரொனால்ட் கிரீலி போன்றோர் 1970களிலேயே இந்தக் கூம்பைத் தேடி வந்திருக்கிறார்கள் என்பது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. முதலிலேயே படித்திருக்கலாம். ஆனால் படித்திருந்தால் இவ்வளவு ஆழமாக மனதில் பதிந்திருக்காது.

சீமா வெளிக்கு வாருங்கள். அங்கே சுமார் 40 கூம்புகள். லாவாக்களின் வயது பல மில்லியன் ஆண்டுகளிலிருந்து சுமார் பத்தாயிரம் ஆண்டுகள் வரை. வெவ்வேறு வயதுள்ள லாவா பக்கத்தில் பக்கத்தில் கிடப்பதால், ஒரே பாறை காலப்போக்கில் எப்படி மாறுகிறது என்று ஒரு நாள் நடையில் பார்த்துவிடலாம். இளம் லாவா முண்டும் முடிச்சுமாக இருக்கும். வயதாக ஆக, காற்று கொண்டுவரும் தூசி பள்ளங்களை நிரப்பும். இன்னும் வயதானதில் மேற்பரப்பு, யாரோ தளம் பாவியதுபோல, கற்கள் நெருக்கிப் பதித்த சமதரையாக இருக்கும். அந்தக் கற்களுக்குக் கீழே ஒரு மீட்டர் வரையிலும்கூட மென்மண்.

மண்ணைக் காற்று அரித்துக்கொண்டு போனதால் கற்கள் மட்டும் எஞ்சின என்றுதான் நெடுங்காலம் நம்பினார்கள். மெக்ஃபேடனும் வெல்ஸும் ஜெர்சினோவிச்சும் 1987 இல் அதைத் திருப்பிப் போட்டார்கள். கற்கள் எப்போதும் மேலேயே இருந்தன. தூசி கற்களின் இடுக்கு வழியாக இறங்கி, அடியில் சேர்ந்து சேர்ந்து, கற்களை மேலே தூக்கிக்கொண்டே வந்தது. விண்கதிர் பட்ட காலத்தைப் பின்னாளில் அளந்தபோது, மேலே கிடந்த கற்களும் அடிப்பாறையும் ஒரே அளவு காலம் வெயில் பார்த்தவை என்று தெரிந்தது. இப்போது யோசித்துப் பாருங்கள். செவ்வாய்ச் சமவெளியில் கற்கள் பரவிக் கிடக்கும் படம் வந்ததும், 'இங்கே அரிப்பு நடந்திருக்கிறது' என்று எத்தனை முறை எழுதியிருப்போம்? தூசியே இல்லாத கோள் அல்ல அது. அரித்த நிலமும் வளர்ந்த நிலமும் ஒரே முகத்தைக் காட்ட முடியும் என்பதைச் சீமாவில் ஒரு குழி வெட்டிப் பார்த்தவர் மறக்கமாட்டார்.

நிறமாலையும் ஏமாற்றும். பாலைவனக் கற்களில் இரும்பும் மாங்கனீசும் களிமண்ணும் சேர்ந்த மெருகு ஒன்று படியும். அதன் தடிமன் பெரும்பாலும் ஒரு தலைமுடி அளவைத் தாண்டாது. ஆனாலும் ஒளியை எதிரொளிப்பது அந்த மெருகுதான், உள்ளே இருக்கும் பசால்ட் வாய் திறப்பதே இல்லை. ஸ்பிரிட்டின் கையில் சுரண்டும் கருவி வைத்தவர்களுக்கு இது தெரிந்திருந்தது. சுற்றுப்பாதையிலிருந்து சுரண்ட முடியாதே.

லாவா ஓடும் விதம் பற்றிக் கொஞ்சம் நின்று பேசவேண்டும், ஏனென்றால் கோள்களில் இதில்தான் பெரிய பெரிய எண்கள் சொல்லப்படுகின்றன. நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நீளமுள்ள லாவாவைப் பார்த்தால், வெள்ளம்போல் அதிவேகமாகப் பாய்ந்திருக்க வேண்டும் என்று கை தானாகக் கணக்குப் போடும். பாயூன் மாத்ருவின் பாம்பாஸ் ஒந்துலாதாஸ் லாவா சுமார் 180 கிலோமீட்டர் நீளம். நம் காலத்துக்கு அருகில் ஓடிய தனி லாவாக்களில் இவ்வளவு நீளமானவை பூமியில் வெகு சில. நியூ மெக்சிகோவில் மெக்கார்ட்டிஸ் லாவா ஐம்பது கிலோமீட்டருக்குக் கிட்டத்தட்ட ஓடியிருக்கிறது. வயது சில ஆயிரம் ஆண்டுகள்தான். இவற்றின் மேல் நடந்தால் பாய்ச்சலின் அடையாளம் தெரிவதில்லை. தட்டையான மேடைகள், விளிம்பில் சரிந்த பாளங்கள், நடுவில் பிளந்த முதுகுகள், இடையிடையே குழிகள். இது உப்பிய லாவா. முழங்கால் உயரம்கூட இல்லாத நாக்குபோல் வெளியே வரும். மேல்தோல் உறையும். உள்ளே குழம்பு வந்துகொண்டே இருக்கும். தோல் மெல்ல மெல்ல மேலே தூக்கப்பட்டு, பல மீட்டர் உயரமாகும். உறைந்த தோல் போர்வைபோல் சூட்டைக் காப்பதால், குழம்பு ஆறாமல் வெகுதூரம் போகும். ஆக, நீளம் என்பது அவசரத்தின் அளவல்ல. பொறுமையாலும் நூறு மைல் போகலாம். கடைசித் தடிமனைப் பார்த்து ஓடிய வேகத்தைக் கணக்கிட்டவர்கள், உப்பிய உயரத்தை ஓடிய உயரம் என்று எடுத்துக்கொண்டவர்கள். நானும் ஒரு காலத்தில் அப்படிக் கணக்கிட்டவன்தான்.

செவ்வாயின் எலிசியம் சமவெளியின் கதையும் இதே ரகம். 2005 இல், மார்ஸ் எக்ஸ்பிரஸ் கலம் எடுத்த படங்களில், உடைந்து மிதந்து திரும்பிய பாளங்கள் தெரிந்தன. ஏறத்தாழ 800 கி.மீ.க்கு 900 கி.மீ. பரப்பு. துருவக் கடலில் மிதக்கும் பனிப்பாளங்களைப் போலவே இருந்ததால், தூசி மூடிய உறைகடல் என்று ஒரு குழு எழுதியது. 1783 இல் ஐஸ்லாந்தின் லாக்கியில் ஓடிய லாவாவைக் கையால் தொட்டவர்கள், லாவாவின் தோலும் இப்படி உடைந்து மிதக்கும் என்று சொன்னார்கள். வாக்குவாதம் நீண்டது. 2012 இல் ஆண்ட்ரூ ரயானும் பிலிப் கிறிஸ்டென்சனும், அதே எரிமலை மண்டலத்தின் அத்தபாஸ்கா பள்ளத்தாக்குப் பகுதியில், நத்தை ஓடு மாதிரிச் சுருண்ட வளையங்களைத் துல்லியப் படங்களில் கண்டார்கள். குறுக்களவு 5 முதல் 30 மீட்டர். பக்கத்தில் பக்கத்தில் வெவ்வேறு வேகத்தில் நகரும் லாவாவின் மேல்தோல் முறுக்கிக்கொள்ளும்போது இந்தச் சுருள் வரும். ஹவாயில் சிறிய அளவில் பார்க்கலாம். பனியில் இப்படிச் சுருள் உண்டாவதை யாரும் பார்த்ததில்லை. லாவாவின் தோலை நிலத்தில் பார்த்துப் பழகாத கண், அந்தச் சுருளைப் படத்தில் பார்த்திருந்தாலும் தாண்டிப் போயிருக்கும்.

வெள்ளிக் கோளைப் படிப்பது இன்னும் சிக்கல். அங்கே மேகம் விலகுவதே இல்லை, ரேடார்தான் கண். 1990 முதல் மெகல்லன் கலம் 12.6 சென்டிமீட்டர் அலையால் தடவிப் பார்த்தது. அந்த அலைநீளத்துக்குச் சொரசொரப்பாக இருந்தால் வெளிச்சம், வழவழப்பாக இருந்தால் இருட்டு. கூர்கற்கள் குவிந்த 'ஆஆ' வகை லாவா பளிச்சிடும். பாய் விரித்ததுபோன்ற பஹோய்ஹோய் கறுத்துத் தெரியும். சரி, எளிதாக இருக்கிறதே என்று தோன்றும். பிஸ்காவில் இரண்டு வகையும் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கின்றன; அதனால்தான் ரேடார்க்காரர்கள் தங்கள் கருவியை அங்கே கொண்டுவந்து அளவு பார்க்கிறார்கள். அங்கேயே தெரிந்துவிடும் சங்கடம்: பஹோய்ஹோயின் தோல் பாளம் பாளமாக உடைந்து நிமிர்ந்துவிட்டால், ரேடாருக்கு அதுவும் 'ஆஆ'தான்.

அதோடு, காய்ந்த மணலைச் சில அலைகள் ஊடுருவிப் போய்விடும். 1981 நவம்பரில் கொலம்பியா விண்ணோடம் சுமந்து போன ரேடார், கிழக்குச் சஹாராவின் மணலுக்கு அடியில் புதைந்த பழைய ஆற்றுப் படுகைகளைக் காட்டியது நினைவிருக்கும். எனவே கண் பார்ப்பது ஒரு நிலம், ரேடார் பார்ப்பது அதற்குக் கீழே வேறொரு நிலம். மெகல்லனின் பழைய படங்களிலிருந்து, மாட் மோன்ஸ் எரிமலையின் ஒரு வாய் 1991 பிப்ரவரிக்கும் அக்டோபருக்கும் இடையே உருமாறியது என்று 2023 இல்தான் கண்டுபிடித்தார்கள். படம் முப்பது ஆண்டு அலமாரியில் இருந்தது. படிக்கும் கண் வரவேண்டியிருந்தது. வெள்ளிக்குப் போகவிருக்கும் வெரிட்டாஸ் குழு 2023 இல் ஐஸ்லாந்து லாவாவின் மேல் ரேடாரோடு விமானம் பறக்கவிட்டு, கீழேயும் நடந்து அளந்தது. நான் கேட்பதற்கு மிக அருகில் வரும் வேலை அது. முன்கூட்டியே எழுதிக் கையெழுத்திட்ட ஊகத்தையும் சேர்த்துக்கொண்டால் முழுமையாகிவிடும்.

அரேபிய ஹர்ராத்துகளைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க மனமில்லை. 1256 இல் மதீனாவுக்கு அருகே 52 நாள் எரிமலை பொங்கி, லாவா 23 கிலோமீட்டர் ஓடியது. வயது உறுதியாகத் தெரிந்த பாலைவன லாவா என்பதால், மற்ற வயதுக் கணக்குகளை உரசிப் பார்க்க அது ஓர் உரைகல். இன்னொன்று 2009 இல் ஹர்ராத் லுனையிரில் நடந்தது. ஆயிரக்கணக்கில் சிறு நடுக்கங்கள், மே மாதத்தில் 5.4 அளவில் ஒன்று. சுமார் 40,000 பேரை வெளியேற்றினார்கள். தரையில் எட்டு கிலோமீட்டர் நீளத்துக்கு வெடிப்பு விழுந்தது. லாவா வரவேயில்லை. குழம்பு ஒரு சுவர்போல மேலேறி, தரையைப் பிளந்துவிட்டு, எட்டாமல் நின்றுவிட்டது. செவ்வாயில் செர்பரஸ் ஃபாசே என்று ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் நீளும் பிளவுகள் இருக்கின்றன. இன்சைட் கலம் பதிவு செய்த பெரிய நடுக்கங்கள் பலவற்றின் பிறப்பிடம் அந்தப் பக்கம்தான். பிளவு இருந்தால் லாவா வெளியே வந்திருக்கவேண்டும் என்றோ, வராவிட்டால் குழம்பே இல்லை என்றோ நினைப்பவர்களுக்கு லுனையிர் நல்ல மருந்து.

லாவா குகைகளைப் பற்றி நான் அதிகம் சொல்லத் தேவையில்லை. 2009 இல் ககுயா கலம் நிலவின் மாரியஸ் குன்றுகளில் 65 மீட்டர் வாயுள்ள குழியைக் காட்டியதிலிருந்து எல்லோரும் அதைப் பற்றித்தான் பேசுகிறார்கள். கூரை இடிந்த எல்லாக் குழிக்கும் கீழே நீண்ட குகை இருக்காது என்பதை மட்டும் ஞாபகத்தில் வையுங்கள்.

எதிர்வாதமும் எனக்குத் தெரியும். பூமி பூமிதான், இங்கே பார்த்ததை அங்கே ஒட்ட முடியாது என்பார்கள். சரிதான். செவ்வாயின் ஈர்ப்பு நம்முடையதில் 38 விழுக்காடு. ஒரே கெட்டித்தன்மையுள்ள லாவா ஒரே சரிவில் நகர ஆரம்பிக்க, அங்கே சுமார் 2.6 மடங்கு தடிமன் வேண்டும். நிலவில் ஆறு மடங்கு. காற்றழுத்தம் நம்முடையதில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு என்பதால், குழம்பிலுள்ள வாயு அதிகம் விரியும், கசடுகள் வெகுதூரம் தெறிக்கும். எனவே கூம்புகள் அகலமாக, சரிவு குறைந்து இருக்கும். வெள்ளியில் 90 மடங்குக்கு மேல் அழுத்தம். அங்கே வாயு எளிதில் குமிழியிடாது. ஆகவே ஆம்பாய் கூம்பைக் காட்டி 'செவ்வாய்க் கூம்பும் இப்படித்தான்' என்று மொத்தமாகச் சொல்பவரிடம் எனக்கும் சண்டைதான். இந்த இடம் இன்ன அம்சத்துக்கு மட்டும் ஒப்பு என்று ஒவ்வொரு அறிக்கையிலும் எழுதவேண்டும்: ஆம்பாய் காற்றுக்கு, சீமா தூசிக்கு, மெக்கார்ட்டிஸ் உப்பலுக்கு, பிஸ்கா ரேடாருக்கு. இந்த ஒரு வரியை எழுதச் சொன்னாலே பாதி அறிக்கைகள் திணறும் என்பது என் அனுபவம்.

கண்ணைக் கட்டிக்கொண்டு செய்யும் சோதனை புதிதும் அல்ல. 1999 இல் மொஹாவேயின் சில்வர் லேக் அருகே மார்ஸோகோட் ஊர்தியை ஓட்டி, இடம் தெரியாத குழுவைத் தொலைவிலிருந்தே படிக்கச் செய்து, பிறகு ஒப்பிட்டார்கள். ஊர்திக்குச் செய்ததைச் சுற்றுப்பாதைப் படத்துக்கும் செய்யுங்கள் என்கிறேன். உங்கள் கலம் எந்தத் துல்லியத்தில், எந்த அலைநீளத்தில் பார்க்கப்போகிறதோ, அதே தரத்துக்குக் குறைத்த படங்களைக் கொடுங்கள். இடத்தின் பெயரை மறைத்துவிடுங்கள். நான்கைந்து பேர் தனித்தனியாக வரையட்டும், எவ்வளவு உறுதியாகச் சொல்கிறார்கள் என்பதையும் எழுதட்டும். அப்புறம் அதே ஆட்கள், வேறு யாரும் அல்ல, அங்கே போய்ப் பத்து நாள் நடக்கட்டும். ஒரு விண்கலத்தின் செலவில் இது கணக்கில் எழுதக்கூட வேண்டாத தொகை. பிசகுகளின் பட்டியலைப் பொதுவில் வையுங்கள். சரியாகச் சொன்னதை எல்லோரும் கட்டுரையாக எழுதுகிறார்கள். தப்பாகச் சொன்னதும் பின்னால் வருபவருக்குக் கிடைக்கவேண்டும்.

கடைசியாக ஒன்று. இந்த வெளிகள் குறைந்துகொண்டு வருகின்றன. பிஸ்காவின் கூம்பைக் கசடுக்காக வெட்டி எடுத்ததில் அதன் பழைய வடிவமே போய்விட்டது. பிளாக்ஸ்டாஃப் அருகே வெடிவைத்து உண்டாக்கிய குழிகளின் மேல் பொழுதுபோக்கு வண்டிகள் ஓடி, பல மழுங்கிவிட்டன. சீமாவில் கல் பாவிய தரையின் மேல் ஒருமுறை வண்டி ஏறினால் அந்தத் தடம் மறைய எத்தனை தலைமுறை ஆகும் என்று சொல்ல முடியாது. ஒப்புநிலங்கள் என்று உங்கள் அறிக்கைகளில் வரும் இடங்களின் பட்டியலை, அந்த நிலங்களை நிர்வகிப்பவர்களுக்கு அனுப்பியிருக்கிறீர்களா? அனுப்பியிருக்காவிட்டால் இந்த மாதமே அனுப்புங்கள், எந்தெந்தப் பகுதியில் வண்டி ஏறக்கூடாது என்று வரைபடத்தோடு.

போகிறவர்களுக்கு ஒரு சிறு யோசனை: காலணி இரண்டு ஜோடி எடுத்துப் போங்கள். முதல் ஜோடியை 'ஆஆ' தின்றுவிடும்.

இப்படிக்கு,
லாவா வெளிகளில் வரைபடம் போட்டு, அழித்து, மீண்டும் போடும் ஒருவன்